கதவைத் தட்டுவோம்!

கடையநல்லூரில் ஓர் இரவு. பீடித் தொழிலாளர் கூட்டம் முடிந்து, தேநீர்க்கடைப் பெஞ்சில் நாலைந்து பேராக உட்கார்ந்திருந்தோம். மலைப்பக்கமிருந்து சாரல் காற்று வீசிக்கொண்டிருந்தது. கூட்டம் நன்றாக நடந்த களிப்பு எல்லோர் முகத்திலும். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி வேண்டும், அதை எப்படிப் பெறுவது என்று ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு வந்திருந்தோம் அல்லவா!

அப்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல். பாத்திரம் உருளும் ஓசை. பிறகு ஒரு குழந்தையின் அழுகை.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தோம். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. புருஷன் பொண்டாட்டி சண்டை. விடிஞ்சா ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பாவ. நடுவுல போனா நமக்குத்தான் கெட்ட பேரு."

உட்கார்ந்தோம். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்துவிட்டு எழுந்து போனோம்.

மறுநாள் காலை பீடிக்கடை வாசலில் அந்தத் தங்கச்சியைப் பார்த்தோம். இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. "என்னம்மா?" என்றதற்கு, "இருட்டுல நிலைப்படியில இடிச்சிக்கிட்டேன் அண்ணாச்சி" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிலைப்படி எத்தனை முறைதான் இடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. அடித்த கை, முந்தின இரவு நம் பேச்சுக்கு முன்வரிசையிலிருந்து தட்டிய கை! நம் தோழர். சந்தா பாக்கி வைக்காதவர். போராட்டம் என்றால் முதலில் வருபவர்.

ஆகவே இன்று எதிரியைப் பற்றி எழுதப்போவதில்லை. நம்மைப் பற்றி எழுதுகிறோம்.

கணக்கெடுத்தவர்கள்

"இது குடும்ப விவகாரம், இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. இருக்கிறது. நம் தமிழ் மண்ணிலேயே இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உயிர்ப் புள்ளியியல் துறையில் பணியாற்றியவர் ல. ஜெயசீலன். நோயையும் நோவையும் எண்ணிக் கணக்கிட்டு, அவற்றின் காரணத்தைத் தேடுவது அவருடைய தொழில். சுபா குமார் சென்னையைச் சேர்ந்த சமூக ஆய்வாளர். இவர்களும் பிற ஊர் ஆய்வாளர்களும் சேர்ந்து சென்னை, வேலூர், திருவனந்தபுரம், நாகபுரி, போபால், லக்னோ, தில்லி ஆகிய 7 இடங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமம், நகரம், குடிசைப்பகுதி என்று மூன்றையும் விடவில்லை. வீடு வீடாகச் சென்று 9,938 பெண்களிடம் பேசினார்கள்.

எளிதான வேலை என்று நினைக்கிறீர்களா? மாமியார் காதில் விழாமல், கணவன் வாசலில் நிற்காத நேரம் பார்த்து, முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, "உன் வீட்டுக்காரர் உன்னை அடிக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். கேட்கும் முறை சரியில்லையென்றால் பதிலும் வராது. அன்றிரவு இன்னோர் அடியும் விழும்.

அந்த ஆய்வின் முடிவுகள் 2005-ஆம் ஆண்டிலும் 2007-ஆம் ஆண்டிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வெளிவந்தன. மணவாழ்வில் என்றாவது கணவனிடம் அடிபட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 26 பேர். நாலில் ஒருத்தி! கணவன் வாடிக்கையாகக் குடிப்பவனாக இருந்தால் அடிபடும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். வரதட்சிணைத் தொல்லை நடந்த வீடுகளில் மூன்று மடங்கு. சிறு வயதில் தன் தந்தை தன் தாயை அடிப்பதைக் கண்டு வளர்ந்த பெண், தன் மணவாழ்விலும் அடிபடுவது அதிகம்.

சர்க்காரின் கணக்கு வேறா? அதையும் பார்ப்போம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களைக் கேட்டது. கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 29.3. தமிழ்நாட்டில் 38.1! அதற்கு முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் கணக்கு 44.8 ஆக இருந்தது. குறைந்திருக்கிறது; மகிழ்ச்சிதான். ஆனால் படிப்பில் முன்னே, தொழிலில் முன்னே, சமூக நீதியில் முன்னே என்று மார்தட்டும் நாம், மனைவியை அடிப்பதிலும் நாட்டின் சராசரிக்கு முன்னே நிற்கிறோமே! இதற்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

இருபது கேள்விகள்

வீக்கம் நாலு நாளில் வற்றிவிடும். அதோடு விஷயம் முடிந்ததா? முடியவில்லை என்பதுதான் இந்த ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி.

அவர்கள் கையில் 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் ஏழை நாடுகளில் மனநலத்தை அளக்கப் பயன்படுத்திவந்த தாள் அது. கேள்விகள் மிக எளியவை. அடிக்கடி தலை வலிக்கிறதா? தூக்கம் கெடுகிறதா? பசி இல்லையா? சின்னச் சத்தத்துக்கும் பயம் வருகிறதா? கை நடுங்குகிறதா? வழக்கத்தைவிட அதிகமாக அழுகிறாயா? செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும்.

அறை, குத்து, உதை, அடி என்ற நாலில் ஏதாவது ஒன்றைப் பட்ட பெண்களுக்கு மனநலம் கெடும் வாய்ப்பு, அடிபடாத பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். நாலையும் பட்டவர்களுக்கு மூன்றரை மடங்கு.

இதைப் பீடித் தட்டின் முன் வைத்துப் பாருங்கள். இலையை நனைத்து, கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். கண் கூர்மையாக இருக்க வேண்டும். விரல் நிதானமாக ஓட வேண்டும். இரவெல்லாம் தூங்காத கண்ணும் நடுங்குகிற விரலும் எத்தனை பீடி சுற்றும்? கட்டு தளர்ந்தால் கடைக்காரர் கழித்துப் போடுவார். ஆயிரம் பீடிக்குக் கூலி உயர்த்தக் கோருகிறோம். அந்த ஆயிரத்தைச் சுற்றும் கையையே வீட்டில் முறிக்கிறோம். முதலாளி பறிப்பதை எண்ணத் தெரிந்த நமக்கு, நாம் பறிப்பதை எண்ணத் தெரியவில்லை.

அந்தப் பெண் தலைவலி என்று மருத்துவரிடம் போவார். ஊசி போடுவார்கள், சத்து மாத்திரை தருவார்கள். "வீட்டில் என்னம்மா நடக்கிறது?" என்று கேட்பவர் அரிது. மாத்திரை தீரும், தலைவலி தீராது.

இந்தக் காயத்துக்கு உலகம் பெயர் வைத்ததே அண்மையில்தான். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆன் பர்கெஸ் என்ற செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும், பாலியல் வன்முறைக்கு ஆளாகி வந்த பெண்களை நேரில் கண்டு பேசித் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். நள்ளிரவில் தொலைபேசி வந்தாலும் எழுந்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். உறக்கம் கெடுவது, கெட்ட கனவு வருவது, தனியே இருக்க அஞ்சுவது, கூட்டத்தைக் கண்டாலும் அஞ்சுவது என்று அந்தப் பெண்களிடம் ஒரே மாதிரியான அடையாளங்களைக் கண்டார்கள். போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களிடமும் இவையே காணப்பட்டன. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை ஒரு நோயாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஜூடித் ஹெர்மன் என்ற மருத்துவர் 1992-இல் எழுதிய நூலில், சிப்பாயின் காயத்தையும் வீட்டுக்குள் சிறைப்பட்ட மனைவியின் காயத்தையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டினார்.

சிப்பாய்க்காவது போர் ஒருநாள் முடியும். பகைவனோடு ஒரே பாயில் படுக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

குடியா குற்றவாளி?

"நல்ல மனுஷன்தான், குடிச்சாத்தான் இப்படி" என்று சொல்வோர் உண்டு. குடி பெரும் காரணம் என்பதில் ஐயமில்லை. மேலே சொன்ன தேசிய ஆய்வே அதற்குச் சாட்சி. அடிக்கடி போதையில் வரும் கணவனின் மனைவியரில் நூற்றுக்கு 70 பேர் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. குடிப்பழக்கமே இல்லாத கணவனின் மனைவியரிலும் நூற்றுக்கு 23 பேர் அடிபட்டிருக்கிறார்கள். எந்தப் பாட்டிலின் மேல் அந்தப் பழியைப் போடுவது?

குடித்தவன் நிலை தெரியாமல் அடிக்கிறான் என்றால், வழியில் நிற்கும் போலீஸ்காரரை ஏன் அடிப்பதில்லை? கூலியைக் குறைத்த ஒப்பந்தக்காரரின் சட்டையை ஏன் பிடிப்பதில்லை? பஜாரைத் தாண்டி, நாலு தெருவைத் தாண்டி, தன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகே கை எழுகிறது. யாரை அடித்தால் திருப்பி அடி வராது என்பது போதையிலும் தெரிகிறதே! அவ்வளவு தெளிவு இருக்கிறவனை நிலை தெரியாதவன் என்று எப்படிச் சொல்வது?

"வறுமை, தோழர்! தறி ஓடவில்லை, வேலை இல்லை, ஆத்திரம் அங்கே போய் இறங்குகிறது" என்பார் இன்னொருவர். வறுமை அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வும் சொல்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்த வறுமையில் அவளுக்குப் பங்கில்லையா? அவள் வயிறு நிறைந்தா கிடக்கிறது? ஒரே பசியை இருவர் உண்ண, அடியை மட்டும் ஒருத்தி உண்பது எந்த ஊர் நியாயம்?

"பெண்களே இதை ஏற்றுக்கொள்கிறார்களே" என்பார் மூன்றாமவர். உண்மைதான், அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. ஷிரீன் ஜெஜீபாய் என்ற ஆய்வாளர் தமிழ்நாட்டிலும் உத்தரப்பிரதேசத்திலும் கிராமப் பெண்களிடம் விசாரித்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'மனைவியை அடிப்பது கணவனின் உரிமையா?' என்பதே அதன் தலைப்பு எழுப்பிய கேள்வி. சொல் கேளாவிட்டால் அடிக்கலாம் என்று பெண்களே நியாயம் சொன்னதையும், அடிக்கும் கணவனை விட்டுப் பிரியத் துணிவோர் மிகச் சிலரே என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 2019-21 ஆய்விலும் நாட்டின் பெண்களில் நூற்றுக்கு 45 பேர், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் அடிப்பது சரியே என்றார்கள்.

பண்ணையார் சாட்டையால் அடித்த காலத்தில், "ஆண்டை அடிக்கிறார், நாம் பட்டுக்கொள்ள வேண்டியதுதான்" என்று சொன்ன உழவர்கள் இருந்தார்கள். அதைக் கேட்டு, ஆண்டைக்கு அந்த உரிமை உண்டு என்று நாம் எழுதிக் கொடுத்தோமா? போக்கிடம் இல்லாதவரின் சம்மதம், சம்மதம் ஆகாது.

வாச்சாத்தியும் நம் வாசலும்

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் சந்தனக்கட்டையைத் தேடுவதாகப் புகுந்த சீருடைக்காரர்கள் 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். ஏழைப் பழங்குடிப் பெண்களின் சொல்லை யார் நம்புவார்கள் என்று நினைத்தார்கள். உழைக்கும் மக்கள் நம்பினார்கள், உடன் நின்றார்கள். 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வாச்சாத்திப் பெண்களின் சொல்லை நம்பிய நாம், பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் அலறலை ஏன் நம்பவில்லை? அங்கே அடித்தவன் சீருடை அணிந்திருந்தான். இங்கே அடிப்பவன் நம் துண்டை அணிந்திருக்கிறான். இதைத் தவிர வேறு விடை இருந்தால் தோழர்கள் சொல்லட்டும்.

வீட்டுக்குள் நடப்பது கையடி மட்டுமில்லை. விருப்பமில்லாத மனைவியைப் பலவந்தப்படுத்துவதும் நடக்கிறது. அதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம், சட்டத்துக்கும் கூச்சம். 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவது பாலியல் வன்புணர்ச்சிக் குற்றமாகாது என்ற பழைய விலக்கு, 2024 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இடம்பெற்றது. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறையே என்று சொல்கிறது. அந்த வழி திறந்திருக்கிறது.

அண்டை வீட்டாருக்கு ஒரு சட்டம்

அந்தச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருப்பது. அதை நம் தோழர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? அடிபடும் பெண் பாதுகாப்பு அலுவலரிடமோ, காவல் நிலையத்திலோ, நேரே மாஜிஸ்திரேட்டிடமோ முறையிடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது. குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. முறையீட்டை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. வழக்கு நடத்தப் பணமில்லையா? வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

நமக்கென்றே ஒரு பிரிவும் அதில் இருக்கிறது. நாலாவது பிரிவு. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது. "நடுவுல போனா நமக்குத்தான் கெட்ட பேரு" என்ற பேச்சுக்குச் சட்டம் எழுதிய பதில் இது!

பக்கத்து வீட்டார் தலையிட்டால் பயன் உண்டா? ஜெயசீலனும் உடன் ஆய்வாளர்களும் கண்ட ஒரு முடிவை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம். சமூகத்தின் ஆதரவு நன்றாக உள்ள பெண்கள் அடிபடுவது குறைவு. தாய் வீடோ, தோழியோ, அண்டை அயலோ, கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் ஓங்கிய கை தயங்குகிறது. மறுபுறம் தேசிய ஆய்வு சொல்வதைக் கேளுங்கள்: வன்முறைக்கு ஆளானவர்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் சொல்லவில்லை, உதவியும் கேட்கவில்லை. உதவி தேடியவர்கள் 14 பேர்தான். அவள் வாய் திறக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. இந்த இரண்டு மௌனத்துக்கும் நடுவில்தான் அவன் கை ஓங்குகிறது.

2008-இல் 'மணியை அடி' என்று ஓர் இயக்கம் நடந்தது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால், சண்டைக்குப் போக வேண்டாம். அழைப்பு மணியை அழுத்தி, கொஞ்சம் பால் கிடைக்குமா, பந்து உள்ளே விழுந்ததா என்று கேள். அவ்வளவுதான். வெளியே ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்! மும்பை பாந்த்ராவிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டில் 'திலாசா' என்ற ஆறுதல் மையம் தொடங்கினார்கள். காயத்தோடு வரும் பெண்ணிடம் "யார் அடித்தது?" என்று பரிவோடு கேட்க மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சி தந்தார்கள்.

ஓர் அடையாளத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஜாக்குலின் காம்ப்பெல் என்ற அமெரிக்கச் செவிலியர், எந்த வீட்டில் கொலை விழக்கூடும் என்பதை முன்கூட்டி அறிய 1985-இல் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். கணவன் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னால் அவனாலேயே அவள் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடும் என்று 2008-இல் வெளியான அவர்கள் ஆய்வு காட்டியது. கழுத்தில் விரல் பதிந்த தடத்தைக் கண்டால் "நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். மகளிர் உதவி எண் 181. எந்த நேரமும் அழைக்கலாம்.

கிளையில் தொடங்குவோம்

நாம் என்ன செய்வது? முதலில் நம் சொல்லை மாற்றுவோம். "புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று இனி சொல்லாதிருப்போம். சண்டை என்றால் இருவரும் அடிக்க வேண்டும். ஒருவன் அடித்து ஒருத்தி படுவதற்குப் பெயர் வேறு.

அடுத்து, கிளைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைப்போம். கூட்டத்துக்குப் பெண்களையும் அழைப்போம். அவர்கள் முதலில் பேசட்டும். அடிக்கும் தோழரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்போம். "சமாதானமாய்ப் போங்கள்" என்று அவளை அதே அறைக்குள் திருப்பி அனுப்பும் பஞ்சாயத்தைச் செய்யாதிருப்போம். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளிடம் கேட்போம். அவள் சட்டத்தை நாட விரும்பினால், அடித்தவர் எத்தனை பெரிய ஊழியராக இருந்தாலும், துணைக்கு நாம் போவோம்.

அன்றிரவு கட்டிய துணிவை நாம் இப்போது காட்டிக்கொள்ள வரவில்லை. அன்று எழுந்து உட்கார்ந்தோம் என்பதே உண்மை. ஆனால் சில நாள் கழித்து மறுபடி அந்தச் சந்தில் சத்தம் கேட்டபோது, இருவர் எழுந்து போய்க் கதவைத் தட்டினோம். திறந்தவர் நம் முகத்தைப் பார்த்தார், கண்ணைத் தாழ்த்தினார்.

"என்ன அண்ணாச்சி, இந்நேரத்துல?"

"குடிக்கத் தண்ணி வேணும் தோழரே. தங்கச்சி கையால ஒரு செம்பு கொண்டுவரச் சொல்லுங்க."

அவர் கொண்டுவந்தார். கை நடுங்கியது. செம்பை வாங்கிக்கொண்டு, அன்றிரவு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அந்தத் தோழரைக் கிளைக்கு அழைத்தோம். பேச்சு இன்னும் முடியவில்லை. முடியும் வரை விடுவதாகவும் இல்லை.